சசிரேகா வீட்டில் நின்ற தண்ணீர்

கேஸ் சிலிண்டர் கொண்டுவந்தவர் தோளைத் திருப்பும்போது மேல்வீட்டு சசிரேகாவின் மீன் தொட்டியை இடித்துவிட்டார். நான்கு பக்கக் கண்ணாடியும் கலகலவென்று உடைந்து தரையில் விழுந்தது, தண்ணீர் மட்டும் விழவில்லை. கண்ணாடி இருந்தபோது எப்படி நின்றதோ அப்படியே, அதே நீளம், அதே அகலம், மூலைகள்கூட மழுங்காமல் இரும்பு ஸ்டாண்டின் மேல் அது நின்றது. உள்ளே மீன்கள் ஓரம்வரை வந்து, எப்போதும் திரும்பும் இடத்தில் திரும்பிப் போயின. சிலிண்டர்காரர் கொஞ்சநேரம் பார்த்தார். "தண்ணி நின்னுக்கிச்சும்மா. கண்ணாடி கால்ல குத்திடப் போவுது, செருப்பு போட்டுக்கினு பெருக்குங்க," என்று சொல்லிவிட்டு, காலி சிலிண்டரைத் தூக்கிக்கொண்டு இறங்கிப் போனார்.

கண்ணாடி உடைந்த சத்தம் கேட்டுக் கீழ்வீட்டிலிருந்து அம்சவேணி ஈரக்கையோடு மாடிப்படி ஏறினாள். அவள் மூத்தவன் தயாளனின் மனைவி; சசிரேகா இளையவன் கருணாகரனின் மனைவி. கொளத்தூரில் மாமனார் கட்டிய அந்த வீட்டில் கீழே மூத்த மருமகள், மேலே இளைய மருமகள் என்று ஓரகத்திகள் இருவரும் ஒரே மாடிப்படியைப் பெருக்கி, ஒரே மோட்டாரில் தண்ணீர் ஏற்றி, பண்டிகைக்கு ஒரே அடுப்பில் வடை சுட்டு, பெரிய சண்டை எதுவும் இல்லாமல் இருந்தார்கள். வாசலில் நின்று அம்சவேணி அந்தத் தண்ணீரைப் பார்த்தாள். அவளுக்குப் பயம் வரவில்லை, கையெடுத்துக் கும்பிடத் தோன்றவில்லை. 'இவளுக்கா?' என்று மட்டும் தோன்றியது.

அந்த எண்ணத்துக்கு ஒரு நியாயம் இருந்தது. வண்ணமீன் கடைகள் வரிசையாக நிற்கும் அந்த ஊரில், வீட்டுக்கு வீடு தொட்டி இருக்கும் அந்தத் தெருவில், மீன் வளர்ப்பென்றால் அம்சவேணிதான். ஞாயிறுதோறும் ரப்பர் குழாயால் அடியிலிருக்கும் கூழாங்கல் அழுக்கோடு கால்பங்குத் தண்ணீரை உறிஞ்சி வெளியே எடுப்பாள். பின்கட்டில் நீல டிரம்மில் பிடித்துத் திறந்துவைத்து, வெயிலில் பிளீச்சிங் வாடை போன தண்ணீரைத்தான் உள்ளே ஊற்றுவாள். ஃபில்டரின் ஸ்பாஞ்சைக் குழாயடியில் காட்டவே மாட்டாள். அந்தப் பழுப்பு நிற ஓட்டைகளுக்குள் கண்ணுக்குத் தெரியாத கோடி உயிர்கள் குடியிருக்கின்றன, மீன் கழிக்கிற விஷத்தைத் தின்று தண்ணீரைத் தண்ணீராக வைத்திருப்பவை அவைதான், குழாய்த் தண்ணீர் பட்டால் அவை செத்துப்போகும் என்று, ஆரம்பத்தில் எத்தனையோ மீன்களைச் சாகக்கொடுத்துத்தான் அவள் கற்றுக்கொண்டிருந்தாள். அதனால் தொட்டியிலிருந்து எடுத்த பழைய தண்ணீரிலேயே ஸ்பாஞ்சை இரண்டு பிழி பிழிந்து திரும்ப வைப்பாள். தீனி ஒரு சிட்டிகை, அதற்குமேல் ஒரு துகள் கிடையாது. தண்ணீர் கலங்கினாலும் மீன் சோர்ந்தாலும் தெருவே அவளைத் தேடி வரும்.

சசிரேகாவோ, அம்சவேணியின் தொட்டி அழகாக இருக்கிறதென்று பார்த்து, அதைவிட ஒரு அடி நீளமாக ஒன்று வாங்கிவைத்தவள். ஸ்பாஞ்சைச் சோப்புத்தூள் போட்டுத் துவைப்பாள். யார் வீட்டுக்கு வந்தாலும், "நீங்களும் கொஞ்சம் போடுங்க," என்று தீனி டப்பாவை நீட்டுவாள். மாதம் ஒரு மீன் சாகும். அழுதுகொண்டே அதைக் குரோட்டன்ஸ் செடித் தொட்டியில் புதைப்பாள். மறுநாள் சந்தைக்குப் போய் வேறு மீன் வாங்கி வருவாள். அப்படிப்பட்டவள் வீட்டில்தான் தண்ணீர் கண்ணாடி கேட்காமல் நின்றது.

தெரு அந்தத் தண்ணீருக்கு வெகு சீக்கிரம் பழகிவிட்டது. முதலில் பக்கத்து வீட்டுக்காரர்கள் வந்தார்கள், பிறகு பின்தெருக்காரர்கள், பிறகு ஷேர் ஆட்டோ பிடித்துப் பெரம்பூரிலிருந்தும் வில்லிவாக்கத்திலிருந்தும் வந்தார்கள். பக்கவாட்டில் கையை நுழைத்தால் கை உள்ளே போனது, எடுத்தால் நனைந்து வந்தது, ஒரு சொட்டுக்கூடக் கீழே சிந்தவில்லை. கொசு மருந்து அடிக்க வந்தவர், இதைத் தேங்கிய தண்ணீர் என்று எழுதுவதா நிற்கிற தண்ணீர் என்று எழுதுவதா என்று வெகுநேரம் யோசித்து, கடைசியில் ஒரு டம்ளர் மோர் குடித்துவிட்டுப் போனார். அந்த வட்டாரத்தில் பெண் பார்க்கும் சடங்குகளைச் சசிரேகாவின் கூடத்தில் வைத்துக்கொண்டார்கள். தண்ணீருக்கு இந்தப் பக்கம் பெண்ணும் அந்தப் பக்கம் மாப்பிள்ளையும் உட்கார, நடுவில் மீன் போவதைப் பார்த்துக் கூச்சம் தெளிந்து பேசினார்கள். சந்தையில் தொட்டிக்கடைக்காரர் ஒருவர் சில நாள் வியாபாரம் படுத்துப்போய்க் கிடந்து, பிறகு 'தங்கள் வீட்டில் தண்ணீர் நிற்கும்வரை எங்கள் கண்ணாடி' என்று பலகை எழுதிவைத்தார், வியாபாரம் மறுபடி எழுந்துகொண்டது.

இதையெல்லாம் அம்சவேணி பொறுத்துக்கொண்டிருப்பாள். அவளைக் குத்தியது மாவுக்கடை ஞானசுந்தரி சொன்ன ஒரு வார்த்தை. ஞானசுந்தரி எது சொன்னாலும் அது இட்லி மாவோடு சேர்ந்து எல்லா வீட்டுக்கும் போய்விடும்.

"உள்ளுக்குள்ள அழுக்கு இல்லாதவங்க வூட்லதான் தண்ணி தானா நிக்கும். நமக்கெல்லாம்தான் கண்ணாடி வேண்டியிருக்கு."

அன்றுமுதல் கண்ணாடி ஒரு வெட்கம் ஆகிப்போனது. தொட்டி வைத்திருந்தவர்கள் அதன்மேல் பழைய புடவையைத் தொங்கவிட்டார்கள். மாடிக்குப் போகிறவர்கள் வழியில் கீழ்வீட்டை எட்டிப் பார்த்து, "இன்னும் கண்ணாடியிலயா வச்சிருக்கீங்க அம்சாக்கா?" என்று, கல்யாணம் ஆகாத பெண்ணைக் கேட்பதுபோல, இரக்கத்தோடு கேட்டார்கள். அந்த இரக்கம் அம்சவேணியின் அடிவயிற்றில் போய் உட்கார்ந்து, பச்சைமிளகாய் அரைத்துப் பூசியதுபோல எரிந்தது.

ஒருநாள் சாப்பிடும்போது தயாளன், "எவ்ளோ பேர் வந்தாலும் சசி மூஞ்சி சுளிக்கிறதில்ல பாரு. அந்தப் பொண்ணுகிட்ட என்னவோ இருக்குது," என்றான்.

"என்னவோன்னா?"

"என்னவோதான். உனக்கு ஏன் கோவம் வருது?"

"எனக்கென்ன கோவம்? ரசம் ஊத்தவா?" என்றாள் அம்சவேணி, கரண்டி தட்டில் இடித்துக்கொண்டது.

அவள் மேலே போனாலும் வாசற்படியைத் தாண்டுவதில்லை. ஊரே கைவைத்த அந்தத் தண்ணீரை அவள் தொடவில்லை. தொட்டுத் தண்ணீர் சரிந்துவிட்டால் தெரு என்ன சொல்லும் என்ற பயம் ஒன்று அவளுக்குள் இருந்தது. சரிந்துவிட்டால் எவ்வளவு நன்றாக இருக்கும் என்ற ஆசை அந்தப் பயத்துக்குப் பக்கத்திலேயே இருந்தது.

வாசற்படியிலிருந்தே அவளுக்கு எல்லாம் தெரிந்தது. வருகிறவர்கள் வெறுங்கையோடு வருவதில்லை. ஒருத்தி மஞ்சளைக் கரைத்தாள், ஒருத்தி பால் பாக்கெட்டைக் கத்தரித்து ஊற்றினாள், ஒருவர் ஓதிய தண்ணீரும் ஒருவர் ஜெபித்த உப்பும் கொண்டுவந்தார்கள், ரோஜா இதழ், திருநீறு, குழந்தை கையிலிருந்த பிஸ்கட்டு எல்லாம் உள்ளே போயின. யாரையும் வேண்டாமென்று சொல்லும் பழக்கம் சசிரேகாவுக்கு இல்லை. நின்ற தண்ணீர் மெதுவாகக் கஞ்சி நிறத்துக்கு மாறியது. மீன்கள் அடிப்பக்கம் போவதை விட்டுவிட்டு மேல்மட்டத்திலேயே நின்று வாயைத் திறந்து திறந்து மூடின. அவற்றின் செவுள் ஓரம் சிவந்திருந்தது. மீன் கழிக்கிற அமோனியா விஷம் ஏறிவிட்டது என்பது, அடுப்பில் பால் பொங்குவது தெரிவதுபோல, அம்சவேணிக்குப் பார்த்ததும் தெரிந்துவிட்டது.

ஒரு முற்பகலில் சசிரேகா கீழே இறங்கி வந்தாள். கூட்டம் பார்த்துப் பார்த்து அவள் கண்ணுக்கடியில் கருப்பு விழுந்திருந்தது.

"அக்கா, மீனெல்லாம் மேலயே வந்து வாயை வாயைத் திறக்குதுக்கா. என்னன்னே தெரியல. பசியா இருக்குமா?"

அம்சவேணி முருங்கைக்கீரை ஆய்ந்துகொண்டிருந்தாள். தீனியை நிறுத்து, இன்றைக்கே பாதித் தண்ணீரை மாற்று, என் ஸ்பாஞ்சைத் தருகிறேன் என்று மூன்று வாக்கியம் நாக்கின் நுனிவரை வந்தது. அப்போது வாசலில் யாரோ, "கண்ணாடி இல்லாத வூடு இதானே?" என்று கேட்டார்கள்.

"பசியாத்தான் இருக்கும்," என்றாள் அம்சவேணி, கீரையிலிருந்து கண்ணை எடுக்காமல். "இன்னும் கொஞ்சம் சேர்த்துப் போடு."

"நானும் அதான்க்கா நெனச்சேன். உங்களுக்குத்தான் இதெல்லாம் தெரியும்," என்று சொல்லிவிட்டு சசிரேகா நிம்மதியாக மாடியேறிப் போனாள்.

நின்ற தண்ணீரில் முதல் மீன் செத்து மிதந்த அன்று அம்சவேணி தலைக்குக் குளித்து, பூ வாங்கி வைத்துக்கொண்டாள். தன் தொட்டியின் முன்னால் உட்கார்ந்து, பளிச்சென்று திரியும் தன் ஏஞ்சல் மீன்களையும் மோலி மீன்களையும் பார்த்தாள். இனிமேல் தெருவுக்குப் புரியும் என்று நினைத்தாள். அற்புதம் என்பது ஒருநாள் நிற்பது. தண்ணீரை ஒவ்வொரு நாளும் காப்பாற்றுவதல்லவா வேலை என்று மனதுக்குள் ஊரைக் கூட்டி வைத்துப் பேசினாள்.

ஆனால் தெருவுக்கு வேறு மாதிரிதான் புரிந்தது. "மீனு சும்மா சாவல," என்று ஞானசுந்தரி மாவை மொண்டு ஊற்றிக்கொண்டே சொன்னாள். "நாம கையி வச்சா நம்ம பாவம் தண்ணில இறங்குதில்ல, அத வாங்கிக்கினு சாவுது. எம்மாம் புண்ணியம் பண்ணின மீனு!" மறுநாள் கூட்டம் இரண்டு மடங்கு ஆனது. செத்த மீனைப் புதைத்த குரோட்டன்ஸ் தொட்டியில் ஊதுபத்தி ஏற்றினார்கள். சாவுகூட சசிரேகாவின் கணக்கிலேயே புகழாகப் போய்ச் சேர்ந்ததை, ஜன்னல் கம்பியைப் பிடித்துக்கொண்டு அம்சவேணி பார்த்தாள்.

அன்று மத்தியானம், தயாளன் வேலைக்குப் போயிருந்தான், அவள் உள்ளே தாழ்ப்பாள் போட்டுக்கொண்டாள். துவைத்த புடவை உடுத்தி விளக்கேற்றினாள். மாமியார் படுத்த படுக்கையாகக் கிடந்த காலமெல்லாம் மலம் அள்ளியது யார்? கருணாகரன் கல்யாணத்துக்குத் தன் வளையலைக் கழற்றிக் கொடுத்தது யார்? இத்தனை வருஷம் ஒரு ஞாயிற்றுக்கிழமைகூட விடாமல் தண்ணீரைச் சுத்தமாக வைத்திருந்தது யார்? எல்லாவற்றையும் சொல்லித் தன் தொட்டித் தண்ணீரிடமே நியாயம் கேட்டாள். 'அவளுக்கு நின்னியே, எனக்கு நிக்கமாட்டியா? நான் எதுல குறைச்சல்?' சுவரில் ஆணியடிக்கும் சுத்தியல் அவள் கையில் இருந்தது. கண்ணை மூடிக்கொண்டு தொட்டிக் கண்ணாடியில் அடித்தாள்.

தண்ணீர், தண்ணீர் செய்வதைச் செய்தது.

அது அவள் முழங்காலில் மோதி, கூடத்தை நிறைத்து, விளக்கை அணைத்து, தாழ்ப்பாள் போட்ட கதவின் அடிவழியாகப் புகுந்து வாசலுக்கு ஓடி, மாடிப்படியடியில் வரிசையில் நின்றவர்களின் கால்களை நனைத்துக்கொண்டு தெருவில் இறங்கியது. சிமெண்டுத் தரையெங்கும் மீன்கள் துள்ளின. அம்சவேணி சுத்தியலைப் பிடித்தபடி நடுவில் நின்றாள். அவளால் குனியக்கூட முடியவில்லை.

"அக்கா! அக்கா, கதவைத் திறங்க!"

எப்படித் திறந்தாள் என்று அவளுக்குத் தெரியாது. சசிரேகா ஓடிவந்தாள், சுத்தியலைப் பார்த்தாள். கையில் கிடைத்த குண்டானில் தரைத் தண்ணீரையே வழித்துப் பிடித்து, கண்ணாடிச் சில்லுகளுக்கு நடுவே முழங்காலில் நகர்ந்து ஒவ்வொரு மீனாக எடுத்துப் போட்டாள். அவள் விரலில் ரத்தம் வந்தது. கடைசி மோலியைப் பீரோவுக்கு அடியிலிருந்து எடுத்ததும் குண்டானை இடுப்பில் வைத்துக்கொண்டு எழுந்தாள்.

"வாங்கக்கா, சீக்கிரம். என் தொட்டியில விட்டுரலாம். அங்க எல்லாத்துக்கும் இடம் இருக்குது."

அவள் படியேறத் தொடங்கிவிட்டாள். அம்சவேணியின் மீன்கள், அவள் பேர்சொல்லி வளர்த்த மீன்கள், அந்தக் குண்டானில் ஒன்றன்மேல் ஒன்றாக நெளிந்தன. வாய் திறந்து சொல்லாவிட்டால் இன்னும் சற்று நேரத்தில் அவையும் அந்தக் கஞ்சித் தண்ணீரின் மேல்மட்டத்தில் வாயைப் பிளக்கும்.

"அதுல விடாதே!" என்று அம்சவேணி கத்தினாள். "சசி, அதுல விடாதே. அந்தத் தண்ணி விஷம்."

சசிரேகா படியில் நின்றாள்.

"பசியில்லடி அதுங்களுக்கு. மூச்சு முட்டுது. நீ தீனி போடப்போட இன்னும் விஷம் ஏறுது."

"உங்களுக்கு எப்பத்துலேர்ந்து தெரியும்?"

"நீ வந்து கேட்டியே, அதுக்கு முன்னாடியே தெரியும்."

படிக்கட்டில் நின்ற கூட்டம் எல்லாவற்றையும் கேட்டுக்கொண்டிருந்தது. சசிரேகா அப்படியே படியில் உட்கார்ந்து குண்டானை மடியில் வைத்துக்கொண்டாள். அவள் முகத்தில் கோபம் வந்ததா அழுகை வந்ததா என்று பார்க்க அம்சவேணிக்குத் துணிச்சல் வரவில்லை. மீன் ஒன்று துள்ளி சசிரேகாவின் புடவையை நனைத்தது.

"இப்ப என்ன பண்ணணும்? அத மட்டும் சொல்லுங்க," என்றாள் சசிரேகா.

அம்சவேணி சொன்னாள். பின்கட்டு டிரம்மிலிருந்து ஒரு அண்டாவில் தண்ணீர் மொண்டு, மீன்களை அதில் விட்டார்கள். உடைந்த கண்ணாடிக்கு நடுவே கிடந்த தன் ஸ்பாஞ்சைக் காய்வதற்குள் எடுத்து ஒரு கிண்ணத்துத் தண்ணீரில் போட்டாள் அம்சவேணி. சசிரேகா மாடிக்குப் போய், வாழ்க்கையில் முதன்முறையாக, வந்தவர்களைப் போகச் சொன்னாள்.

"தெய்வக் காரியத்த நிறுத்தக்கூடாதும்மா," என்றாள் ஞானசுந்தரி. அவள் கையில் பால் பாக்கெட் இருந்தது.

"மொதல்ல மீனு மூச்சு விடட்டும். தெய்வம் அப்புறமா வரட்டும்," என்று சொல்லி சசிரேகா கதவைச் சாத்தினாள்.

குழாயின் ஒரு நுனியைத் தண்ணீருக்குள் விட்டு மறுநுனியை அம்சவேணி வாயால் உறிஞ்சி வாளியில் விட்டாள். கஞ்சி நிறத் தண்ணீர் வெளியே வரவர, நின்ற தண்ணீரின் உயரம் ஒழுங்காகக் குறைந்தது. அடியில் மஞ்சளும் இதழும் பிஸ்கட்டும் சேறாகக் கிடந்தன. அதை எடுக்க வேண்டுமானால் கையை உள்ளே விட்டாக வேண்டும். அம்சவேணி கையை நீட்டி, தொடாமல், வெகுநேரம் நின்றாள். சரிந்தால் சரியட்டும், என் லட்சணம் உலகத்துக்கே தெரியட்டும் என்று பல்லைக் கடித்துக்கொண்டு அம்சவேணி கையை விட்டாள்.

தண்ணீர் மணிக்கட்டைச் சுற்றி மூடிக்கொண்டு, நின்றது. குழந்தைகளின் கைக்கும் ஞானசுந்தரியின் கைக்கும் எப்படி நின்றதோ அப்படியே அவள் கைக்கும் நின்றது. அது யாருடைய மனசையும் பார்த்து நிற்கவில்லை, அது பாட்டுக்கு நிற்கிறது என்று அப்போது அவளுக்குத் தெரிந்தது. இதற்கா இத்தனையும் என்று நினைத்ததும் அழுகை வந்தது. அழுதுகொண்டே சேற்றை அள்ளி அள்ளி வாளியில் போட்டாள். சாயங்காலம் வரை இருவரும் டிரம் தண்ணீரைக் குடம் குடமாகச் சுமந்து ஊற்றினார்கள். நின்ற தண்ணீர் பழைய உயரத்துக்கு ஏறியது. அம்சவேணி தன் ஸ்பாஞ்சை அதற்குள் வைத்து ஃபில்டர் மோட்டாரைப் போட்டாள். குமிழிகள் எழுந்தன.

மீன்கள் பிழைத்தன. சில செத்தன, பெரும்பாலானவை பிழைத்தன; தண்ணீர் சமப்பட்டதும் கீழ்வீட்டு மீன்களும் மேலே போய் அங்கேயே இருந்துகொண்டன. தெரு கொஞ்சநாள் அம்சவேணியைப் பற்றி வாய் ஓயாமல் பேசியது. மாவுக்கடையில் அவள் போனால் பேச்சு நின்றது. பிறகு அந்தப் பேச்சும் பழகிப்போய், நின்ற தண்ணீரும் பழகிப்போய், பால் ஊற்றக்கூடாது என்ற விதியும் பழகிப்போய், பெண் பார்க்க வருகிறவர்களும் வேடிக்கை பார்க்க வருகிற குழந்தைகளும் மட்டும் வந்து போனார்கள். வேறு தொட்டி வாங்கித் தருகிறேன் என்று தயாளன் சொன்னான். "இப்ப வேணாம்," என்றாள் அம்சவேணி.

ஞாயிறுதோறும் அவள் மாடிக்குப் போனாள். கதவு திறந்திருக்கும். குழாயும் வாளியும் எடுத்து வைக்கப்பட்டிருக்கும். சசிரேகா ஒரு ஓரமாக நின்று அவள் செய்வதையெல்லாம் பார்ப்பாள், பேசமாட்டாள். வேலை முடிந்ததும் அம்சவேணி கையைத் துடைத்துக்கொண்டு இறங்கி வந்துவிடுவாள். ஆடி போய், ஐப்பசி மழை வந்து, அதுவும் விட்டது.

தை பிறந்து ஒரு ஞாயிற்றுக்கிழமை அவள் போனபோது குழாயும் வாளியும் வெளியே இல்லை. வாளி கழுவிக் கவிழ்த்திருந்தது. தண்ணீர் மாற்றி முடிந்திருந்தது. அம்சவேணி குனிந்து பார்த்தாள். கூழாங்கல்லில் ஒரு துளி அழுக்கில்லை. சசிரேகா ஸ்பாஞ்சைப் பழைய தண்ணீரில் அளவாகப் பிழிந்திருந்தாள், பழுப்பு நிறம் போகவில்லை. மூலையில் மூடி திறந்த டிரம் ஒன்று அடுத்த வாரத்துக்கு நிரம்பி நின்றது. தண்ணீர், அம்சவேணி தன் வாழ்நாளில் ஒருமுறைகூடச் செய்யாத அளவுக்குத் தெளிவாக இருந்தது. மீன்கள் காற்றில் நீந்துவதுபோல இருந்தன. சசிரேகா ஓரமாகக் கையை நீட்டியதும் கீழ்வீட்டு ஏஞ்சல்கள், அம்சவேணி குஞ்சிலிருந்து வளர்த்தவை, அவளை ஒரு பார்வைகூடப் பாராமல் சசிரேகாவின் விரலைத் தேடிப் போயின.

அடிவயிற்றில் எரிந்தது. சின்னதாக இல்லை, நன்றாகவே எரிந்தது. ஏதாவது குறை கண்ணில் படுகிறதா என்று அவள் கண்கள் தானாகவே தேடின. மேல்மட்டம், ஓரம், செவுள், செதில் என்று ஒவ்வொன்றாகத் தேடின. ஒன்றும் இல்லை. சசிரேகா முந்தானை நுனியை விரலில் சுற்றிக்கொண்டு காத்திருந்தாள்.

"நல்லா பண்ணியிருக்கே," என்றாள் அம்சவேணி. ஈரத்துணியை முறுக்கிப் பிழிவதுபோல அந்தச் சொல் வெளியே வந்தது. "நான் பண்றதவிட நல்லாருக்கு."

"நெஜமாவா சொல்றீங்க?"

"நெஜமாத்தான் சொல்றேன். எனக்கு வயிறு எரியுது, அதுவும் நெஜம்தான்."

சசிரேகா அவளையே பார்த்தாள். பிறகு, அத்தனை மாதங்களுக்கு அப்புறம், வாயைப் பொத்திக்கொண்டு சிரித்தாள். சிரிப்பு நிற்காமல் சுவரில் சாய்ந்துகொண்டாள். அம்சவேணிக்கு எரிச்சலாகத்தான் இருந்தது. கொஞ்சநேரம் பொறுத்துப் பார்த்துவிட்டு, கீழே இறங்கிப் போகாமல், மீன்களுக்கு எதிரே தரையில் உட்கார்ந்தாள்.